ஊருக்குள் முந்நூறு நாள், மலையில் பத்து நாள்: ஹிமாலயன் 450

2024 பிப்ரவரியில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 மோட்டார் சைக்கிளை வாங்கியபோது என் தேவை மிக எளிமையானதாகவே இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அலுவலகம் போய்வர வேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மலைப்பக்கம் போய்வர வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் இருசக்கர வாகனத்துக்கு மட்டுமே நிறுத்த இடம் உண்டு என்பதால் இரண்டுக்கும் ஒரே வண்டிதான் ஈடுகொடுக்க வேண்டும். இன்று ஓடோமீட்டர் 21,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. அதில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை நெரிசலில் ஓடியது. மீதி நெடுஞ்சாலையிலும் மலைப்பாதைகளிலும் ஓடியது. மலையைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால், இந்த வண்டியோடு அன்றாடம் வாழ்வது எப்படி என்பதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

வாங்குவதற்கு முன் நான் நினைத்திருந்தது ஒன்று, ஓட்டிப் பார்த்தபின் தெரிந்துகொண்டது வேறொன்று. கரடுமுரடான மலைப்பாதைக்காகச் செய்த சஸ்பென்ஷன்தான் ஊருக்குள் எனக்கு அதிகம் உதவுகிறது. எல்லோரும் வியந்து பேசும் இன்ஜின்தான் ஊருக்குள் என்னிடம் அதிகம் வேலை வாங்குகிறது.

சஸ்பென்ஷனை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முன்புறம் ஷோவா நிறுவனத்தின் 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க், பின்புறம் ஒற்றை ஷாக் அப்சார்பர். இரண்டு பக்கமும் சக்கரம் 200 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் நகர இடம் உண்டு. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம், தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு 230 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த எண்களைப் பார்ப்பவருக்கு ஸ்பிட்டியும் லடாக்கும் நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவுக்கு வருவது குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் இடையே கேபிள் பதிக்கத் தோண்டி, அவசரமாக மூடி, ஒரு மழைக்குப் பிறகு மறுபடியும் உள்வாங்கிய பள்ளங்களும், சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்ட பாதாளச் சாக்கடை மூடிகளும், வெள்ளைக்கோடு அழிந்துபோய் இருட்டில் கண்ணுக்கே தெரியாத வேகத்தடைகளும்தான். முன்பு வைத்திருந்த 150 சிசி வண்டியில் இவை ஒவ்வொன்றும் முதுகெலும்பின் அடியில் வந்து இடிக்கும். இந்த வண்டியில் பெரிய முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் ஏறி இறங்குவது கைப்பிடியில் ஒரு சிறு அசைவாக மட்டுமே தெரிகிறது. இதற்கு என்னிடம் உள்ள உறுதியான அத்தாட்சி பின் கேரியரில் கட்டி எடுத்துச்செல்லும் டிபன் கேரியர்தான். பழைய வண்டியில் அடித்தட்டு ரசம் வாரத்துக்கு ஒரு முறையாவது பைக்குள் கசிந்திருக்கும். இந்த வண்டி வந்தபின் அந்தப் பையை ரசத்துக்காகத் துவைக்க வேண்டிய தேவை வரவேயில்லை.

இன்ஜினுக்கு வருகிறேன். 452 சிசி, ஒற்றை சிலிண்டர், திரவக் குளிர்விப்பு, ஆறு கியர். நிமிடத்துக்கு 8000 சுழற்சியில் 40 குதிரைத்திறனும் 5500 சுழற்சியில் 40 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை) தருகிறது. 2016-இல் வந்த முதல் ஹிமாலயனின் 411 சிசி இன்ஜின் சுமார் 24.5 குதிரைத்திறன்தான் தந்தது. ஆனால் அதன் டார்க்கின் உச்சம் 4000-ஐ ஒட்டிய சுழற்சியிலேயே வந்துவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சிலிண்டரின் உருவத்திலேயே இருக்கிறது. பழைய இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 78 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 86 மில்லிமீட்டர். புதியதில் விட்டம் 84, ஏறி இறங்கும் தூரம் 81.5. பிஸ்டன் நீளமாக ஏறி இறங்கும் இன்ஜின் நிதானமாகச் சுழலும்போதே இழுவையைக் கொடுக்கும். அகலமும் குறைந்த ஓட்டமும் உடைய பிஸ்டன் உள்ள இன்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் தன் முழு வலிமையைக் காட்டும். பழைய ஹிமாலயன் ஓட்டியவர்கள் மூன்றாவது கியரில் ஊர்ந்துபோன இடத்தில் புதிய வண்டிக்காரர் இரண்டாவது கியருக்கு இறங்கி, சில நேரம் கிளட்சையும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மாலை ஆறரை மணிக்கு கத்திப்பாராவைக் கடந்து மீனம்பாக்கம் பக்கம் வரும் எவருக்கும் இது விளங்கும். முன்னால் போகும் மாநகரப் பேருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. இரண்டாவது கியரில் இன்ஜின் 3000 சுழற்சிக்குக் கீழே இறங்கினால் செயின் துள்ளுகிறது, வண்டி தலையாட்டுகிறது. முதல் கியருக்குப் போனால் ஆக்சிலேட்டரைச் சற்றுத் தொட்டாலே முன்னால் பாய்கிறது. அரை மணி நேரப் பயணத்தில் எத்தனை முறை கியர் மாற்றினேன் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி, விமான நிலையத்தைத் தாண்டுவதற்குள் எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டேன். ஆறுதலான செய்தி என்னவென்றால் கிளட்ச் மிக மென்மையானது. இவ்வளவு பிடித்து விட்டும் இடதுகை மணிக்கட்டு வலிப்பதில்லை. மே மாதத்தில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கினால் கணுக்காலுக்கு மேலே வெந்நீர் ஆவி பட்டதுபோல் இருக்கும். தடித்த பேன்ட் அணிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், வேட்டியோடு கோயிலுக்குப் போகிற வண்டி இது இல்லை.

உயரமும் எடையும் பற்றிப் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும். இருக்கை உயரத்தை 825 மில்லிமீட்டர், 845 மில்லிமீட்டர் என்று இரண்டு நிலைகளில் வைத்துக்கொள்ளலாம்; இன்னும் தாழ்வான இருக்கை தனியாக விற்கப்படுகிறது. எடை 196 கிலோ. என் உயரம் 5 அடி 6 அங்குலம். தாழ்ந்த நிலையில் இருக்கையை வைத்தும் இரண்டு பாதங்களின் முன்பகுதிதான் தரையைத் தொடுகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் இந்த எடை எங்கே போனது என்றே தெரியாது. நிற்கும்போதும் தள்ளும்போதும்தான் அது திரும்பி வருகிறது. வாங்கிய மூன்றாவது வாரம், எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்தச் சரிவில் திரும்பும்போது சரிவின் தாழ்ந்த பக்கமாகக் காலை ஊன்றப் பார்த்தேன். கால் போன இடத்தில் தரை இல்லை. வண்டி மெதுவாக, ஏறக்குறைய மரியாதையோடு, பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. காவலாளி ஓடிவந்து ஒரு கை கொடுத்தபின்தான் அதை நிமிர்த்த முடிந்தது. டேங்கின் இரு பக்கமும் உள்ள இரும்புக் கம்பி தரையில் முதலில் பட்டதால் டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நிறுத்துவதற்கு முன் எந்தப் பக்கம் சரிவு என்று பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிட்டது.

பின்னிருக்கை அகலமானது, மெத்தையும் போதுமானது. என் மனைவி பின்னிருக்கையில் அமர்ந்து மகாபலிபுரம், புதுச்சேரி வரை அலுப்பில்லாமல் வந்திருக்கிறார். அவர் சுடிதாரில் வருகிறவர், கால் வைக்கும் கம்பியில் ஏறி நின்று குதிரையில் அமர்வதுபோல் அமர்ந்துகொள்வார். சேலையில் ஒருபக்கமாக அமர்ந்து பழகிய என் அம்மா ஒரே ஒரு முறை பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, “இதுல ஏறணும்னா எனக்கு ஏணிதான்டா வைக்கணும்” என்று சொல்லி ஆட்டோ பிடிக்கச் சொன்னார். குடும்பத்தில் ஒரே ஒரு வண்டிதான் என்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் கடைக்கு அழைத்துப்போய்க் காட்டிவிடுவது நல்லது.

பெருங்களத்தூரைத் தாண்டி, செங்கல்பட்டும் பின்னால் போய்விட்டால் இது வேறு வண்டியாகிவிடுகிறது. நான்குவழிச் சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு வகுத்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஆறாவது கியரில் இன்ஜின் சலனமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. லாரியை முந்த வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரைத் திருப்பினால் போதும், கியரைக் குறைக்க வேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் வருவதில்லை. பழைய ஹிமாலயனில் இதே இடத்தில் முன்கூட்டியே கணக்குப் போட்டு, எதிரே எதுவும் வராத நீளமான இடைவெளிக்குக் காத்திருப்பார்கள். என் குறிப்பேட்டில் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கிட்டபடி ஊருக்குள் லிட்டருக்கு 26, 27 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாமல் போனால் 33-உம் கிடைக்கின்றன. டேங்க் 17 லிட்டர் பிடிக்கும் என்பதால் சென்னையில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் கொல்லிமலை அடிவாரம் வரை பெட்ரோல் பங்க் பக்கமே திரும்ப வேண்டாம்.

கொல்லிமலையைச் சொல்லும்போது நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியின் குணம் முழுவதும் அந்த ஒரு பாதையில் தெரிந்துவிடும். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. முதல் பத்து வளைவுகளில் நான் தவறாக ஓட்டினேன். மூன்றாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, சுழற்சி சரிந்து, வளைவின் நடுவில் இழுவை இல்லாமல் தவித்து, கிளட்சைப் பிடித்துச் சமாளித்தேன். பன்னிரண்டாவது வளைவில்தான் புத்தி வந்தது. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறங்கிவிட்டு, சுழற்சியை 4000-க்குக் கீழே விடாமல் வைத்துக்கொண்டால், வண்டி கயிறு கட்டி இழுத்ததுபோல் மேலே ஏறுகிறது. ஊருக்குள் தொல்லையாகத் தெரிந்த அதே குணம் இங்கே துணையாகிவிடுகிறது. 21 அங்குல முன்சக்கரம் தார்ச்சாலை வளைவுகளில் சிறிய சக்கர வண்டிகளைப்போல் சட்டென்று திரும்பாது. சற்று முன்னதாகவே கைப்பிடியை அழுத்திச் சொல்லி வைக்க வேண்டும். சொன்னபின் தடம் மாறாது. இறங்கும்போது முன்புற 320 மில்லிமீட்டர் டிஸ்க்கும் இன்ஜினின் பிடியும் சேர்ந்து பிரேக்கைச் சூடாக்காமல் கீழே கொண்டுவந்து சேர்த்தன.

மண்பாதை பற்றி ஒரு வார்த்தை. விளம்பரங்களில் காட்டுவதுபோல் ஓடையைக் கிழித்துக்கொண்டு காட்டுக்குள் போவது தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் சட்டப்படி முடியாத காரியம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், யானை இருக்கும் காடாக இருந்தால் முட்டாள்தனமும்கூட. நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் சாகசம் ஏரிக்கரை மண்சாலைகளும், மலைக்கிராமங்களை இணைக்கும் ஜல்லிப்பாதைகளும், தார் போடுவதற்காகக் கிளறிப்போட்டு மாதக்கணக்கில் கிடக்கும் ஊராட்சிச் சாலைகளும்தான். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றி அப்படிப்பட்ட சில பாதைகளில் ஓட்டியிருக்கிறேன். எழுந்து நின்று ஓட்டும்போது கைப்பிடி சரியான உயரத்தில் இருக்கிறது, முழங்கால்கள் டேங்கைக் கவ்விக்கொள்கின்றன, தளர்ந்த சரளையில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டால் இறக்கத்தில் வண்டி கட்டுப்பாட்டோடு நிற்கிறது. எனினும் 196 கிலோ 196 கிலோதான். தனியாகப் போகிறவர் சேற்றில் இதைக் கீழே போட்டால் ஆள் வரும்வரை காத்திருக்கத் தயாராகப் போக வேண்டும்.

என்னுடையது ஸ்போக் சக்கரத்துக்குள் டியூப் உள்ள வகை. அப்போது இந்தியாவில் அதுதான் கிடைத்தது. கொல்லிமலையிலிருந்து இறங்கிச் சேந்தமங்கலம் வந்துகொண்டிருந்தபோது பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. சாலையோரத்தில் புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “இத்தாம் பெரிய வண்டிக்கு டியூப்பா தம்பி?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். “டியூப்லெஸ்னா அஞ்சு நிமிஷம், இதுன்னா ஒரு மணி நேரம். டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். சொன்னபடியே ஒரு மணி நேரம் ஆனது. பின்சக்கரத்தைக் கழற்ற அவருடைய ஸ்பேனர்களில் ஒன்று பொருந்தவில்லை. என் கருவிப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். அவர் டயரின் விளிம்பைக் காலால் மிதித்து ரிம்மிலிருந்து விலக்கி, டியூப்பை உருவி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்துப் பட்டை போட்டார். கடைசியில் செயினின் இழுவிசையை விரலால் அழுத்திப் பார்த்துத் தாமாகவே சரிசெய்தும் கொடுத்தார். 2024-இன் பிற்பகுதியில் டியூப் இல்லாத ஸ்போக் சக்கரங்கள் ஏறத்தாழ 12,000 ரூபாய் கூடுதல் விலைக்கு வந்தன. புதிதாக வாங்குகிறவர் வேறு எந்த உபரிப் பொருளையும் விட்டுவிடலாம், இதை விட வேண்டாம். அன்றாடம் அலுவலகம் போகிறவருக்கு ஒரு மணி நேரம் என்பது பாதி நாள் விடுப்பு.

மீட்டர் வட்டமான நான்கு அங்குலத் திரை. கைப்பேசியை இணைத்தால் கூகுள் வரைபடம் முழுவதுமாக அதில் தெரியும். வெயிலிலும் படிக்க முடிகிறது. ஊருக்குள் இதை நான் இயக்குவதே இல்லை, வழி தெரிந்த ஊரில் அது வெறும் அலங்காரம். மலைப்பயணத்தில் உண்மையாகவே உதவியது, ஆனால் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி சூடாகி, மின்கலமும் மளமளவென்று இறங்கிவிடும் என்பதால் கைப்பிடியருகே உள்ள சி-வகை யூ.எஸ்.பி. துளையில் கம்பியைச் செருகியே வைத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடங்களுக்கு வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வதும் அவசியம்.

விலைதான் இப்போது பெரிய கேள்வி. 2023 நவம்பரில் அறிமுக விலையாக 2.69 லட்சத்தில் தொடங்கியது. நான் வாங்கும்போது 2.85 லட்சம், எல்லாம் எக்ஸ்-ஷோரூம், அதாவது பதிவுக் கட்டணமும் காப்பீடும் சேராத கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 40 விழுக்காடு, அதற்கு முன் 28 விழுக்காட்டு வரியும் 3 விழுக்காட்டு மேல்வரியுமாக 31 விழுக்காடாக இருந்தது. அதே நாளில் 350 சிசியும் அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கு வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் வண்டியைப் பக்கத்து ஊரான தாம்பரத்தில் இருந்து வாங்கினாலும் எக்ஸ்-ஷோரூம் விலையே 3 லட்சத்தைத் தாண்டுகிறது. இதற்கு நேர் எதிராக, ஓசூரில் தலைமை ஆலை கொண்ட டி.வி.எஸ். 2025 அக்டோபரில் 299 சிசி அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300-ஐ 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையில் கொண்டுவந்துவிட்டது. 36 குதிரைத்திறன், 19 அங்குல முன்சக்கரம், டியூப் இல்லாத டயர். கே.டி.எம். 390 அட்வெஞ்சர் இன்னொரு பக்கம் 46 குதிரைத்திறனோடு நிற்கிறது. வேகத்தை விரும்புகிறவருக்கு அதுவே பொருந்தும்.

தார்ச்சாலையை விட்டு இறங்கும் எண்ணமே இல்லாமல், அலுவலகமும் நெடுஞ்சாலைப் பயணமும் மட்டும் போதும் என்கிறவருக்கு, அப்பாச்சியைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாக ஹிமாலயனுக்குக் கொடுக்க இன்று நான் சொல்ல மாட்டேன். மண்பாதையும் வேண்டும், சிதைந்த சாலையில் தினமும் போகவும் வேண்டும், கால் நீளமும் ஒத்துழைக்கிறது என்கிறவருக்கு இதைவிட இணக்கமான வண்டி இந்த விலையில் எனக்குத் தெரியவில்லை. நானே மறுபடி வாங்கும் நிலை வந்தாலும் இதையேதான் வாங்குவேன், டியூப் இல்லாத சக்கரத்தோடு.

சோதனை ஓட்டத்துக்குப் போகிறவர்கள் கடைக்காரர் காட்டும் காலியான பக்கத்துத் தெருவில் ஓட்டிப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். டேங்க் நிரம்பிய வண்டியாகக் கேட்டு வாங்கி, ஒரு சரிவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உட்கார்ந்தபடியே பின்னால் இரண்டடி தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு மாலை நேரத்தில் ஒரு மாநகரப் பேருந்தின் பின்னால், அதை முந்தாமல், பத்து நிமிடம் இரண்டாவது கியரில் போய்ப் பார்க்க வேண்டும்.